சரோஜா வீட்டுக் கொல்லையில் காலனிய ஆட்சி

மாரிகுப்பத்தில் ஒருவர் தன் சொந்தக் கொல்லையில் தன் சொந்தக் கடப்பாரையால் குழி தோண்டினாலும் அது ஊர்க் குழிதான். தங்க மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் அந்தப் பழக்கம் மட்டும் மூடவில்லை. மண்ணில் இரும்பு இறங்குகிற சத்தம் கேட்டால் போதும், லைன் வீடுகளில் இருக்கிற பழைய சுரங்க ஆட்கள் எல்லாம் டீ கிளாஸோடு வந்து விளிம்பில் நின்றுவிடுவார்கள். எட்டிப் பார்ப்பார்கள். பக்கத்து மண் சரியும் என்று பயமுறுத்துவார்கள். எந்த ஷாஃப்டில் எந்த லெவலில் யார் தலையில் கல் விழுந்தது என்று சண்டை போடுவார்கள். இதெல்லாம் ஓய்ந்த பிறகுதான் குழிக்குச் சொந்தக்காரி குழியைப் பார்க்க முடியும்.

சரோஜா தோண்டச் சொன்னது கக்கூஸ் குழி.

சரோஜாவுக்கு வேலை பெங்களூரில். விடிகாலை ரயிலைப் பிடித்துப் போய், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் கக்கூஸ் கழுவுகிறாள். அங்கே கிட்டே போனால் தானாகத் தண்ணீர் கொட்டும், கையை நீட்டினால் சூடான காற்று வரும், சுவரில் ஒரு டப்பா இருந்துகொண்டு மல்லிகை வாசனை பீச்சும். நாள் முழுக்க அங்கே நின்றுவிட்டு ரயிலேறி வீட்டுக்கு வந்தால் வீட்டில் கக்கூஸ் கிடையாது. இதை அவள் ஒரு குறையாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மழை பெய்தால் தகரம் ஒழுகும் என்று சொல்வது போலச் சொல்வாள்.

குறை அவள் புருஷன் தம்மபாலனுக்கு. அண்டர்கிரவுண்டில் பாறைக்குத் துளை போட்டவர். அந்தத் தூசி இன்னமும் அவர் மார்புக்குள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. கம்பெனி மூடினாலும் அதற்கு மட்டும் ஷிஃப்ட் முடியவில்லை. பொதுக் கக்கூஸ் இருப்பது, தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைட் மேட்டுக்கு அந்தப் பக்கம். போகிற வழியில் அங்கங்கே உட்கார்ந்து மூச்சு வாங்க வேண்டும். காற்றடித்தால் மேட்டிலிருந்து சாம்பல் தூள் பறக்கும், இன்னும் கொஞ்சம் உட்கார வேண்டும். போன மழைக்காலத்தில் ஒருநாள் அவரால் போய்ச் சேர முடியவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றிலிருந்து தம்மபாலன் சோற்றைக் குறைத்துக்கொண்டார், தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். "ஏங்க, இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா?" என்றால் கையால் தட்டை மூடுவார். ஆள் வேட்டிக்குள் இருப்பது தெரியவில்லை என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். சரோஜா குழி தோண்ட ஆள் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

கொத்தனார் காத்தவராயன் இடுப்பளவு இறங்கியபோது கடப்பாரையில் ஏதோ தட்டி 'ணங்' என்றது. விளிம்பில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் குனிந்தார்கள். இந்த ஊரில் மண்ணுக்குள் எது சத்தம் போட்டாலும் மனசு முதலில் போகிற இடம் ஒன்றுதான். வந்தது ஒரு பீங்கான் துண்டு. உள்ளங்கை அகலம், ஓரத்தில் நீலப் பூ, பிடி உடைந்த தடம்.

"கப்பு மாதிரி கீது."

"இம்மாம் பெரிய கப்புல எவன்யா டீ குடிப்பான்? இது தொரைமாருங்க கட்டிலுக்கு அடியில வச்சிக்கிற மூத்திரச் சட்டி."

"அப்ப நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்த எடத்துல பூசை போட்டாச்சு யக்கா," என்றான் எலக்ட்ரீசியன் துரை. "நீ கக்கூஸ் கட்றது தொரை ஆசீர்வாதம்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்மபாலன்கூடச் சிரித்து இருமினார். துரை சிரித்ததோடு நின்றிருக்கலாம். அவன் வாட்ஸ்அப் பைத்தியம் என்பது ராபர்ட்சன்பேட்டை வரைக்கும் தெரிந்த விஷயம். குழி, குழியைச் சுற்றிப் பெரிசுகள், நடுவில் பீங்கானைத் தூக்கிப் பிடித்த காத்தவராயன் என்று ஒரு போட்டோ எடுத்து, 'மாரிகுப்பத்தில் புதிய ஷாஃப்ட்! உள்ளே வெள்ளையர் காலப் புதையல்!' என்று போட்டுவிட்டான்.

குழிக்குள் இறக்க வேண்டிய வட்டச் சிமெண்ட் உறைகள் வாசலில் வந்து இறங்கிய அன்றே ஜீப்பும் வந்து நின்றது. ஜீப்பின் கதவில் 'காலனியகால வாழ்வியல் தொல்லாய்வு உயர்நிலை மையம்' என்று எழுதியிருந்தது. பெயர் நீளம், கதவு சின்னது, அதனால் 'மையம்' பின்கதவுக்குப் போயிருந்தது. இறங்கியவர் இயக்குநர் டாக்டர் ரவிகுமார். கூட உதவி ஆய்வாளர் வாணி, கழுத்தில் இடம் குறிக்கிற ஒரு கருவி, கையில் ஒரு அட்டை.

ரவிகுமார் கையுறை மாட்டிக்கொண்டு பீங்கானை வாங்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். கண் கலங்கியது என்று துரை சொல்கிறான். தூசியாகவும் இருக்கலாம்.

"அம்மா, இது என்னன்னு தெரியுமா?"

"தொரைங்க ராத்திரில..."

"இது அதிகாரம்," என்றார் ரவிகுமார். "ஆப்பிரிக்கச் சுரங்கக் குடியிருப்பு ஒன்றில் இதே நீலப் பூ கிடைத்திருக்கிறது. இரண்டு கண்டங்கள், ஒரே சாம்ராஜ்யம், ஒரே சட்டி. அம்மா, நீங்க உட்கார்ந்திருக்கிறது வரலாற்றின் மேல."

சரோஜா நின்றுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் "சரி சார்" என்றாள். நாலாவது மாடியில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த முதல் வார்த்தை அதுதான்.

குழியைச் சுற்றி மூன்று மீட்டருக்கு மஞ்சள் நாடா கட்டினார்கள். லைன் வீட்டுக் கொல்லையில் மூன்று மீட்டர் என்றால் என்ன மிச்சம் இருக்கும்? துணி துவைக்கிற கல், பின்வாசல் படி, தம்மபாலன் வெயில் காய்கிற நாற்காலி எல்லாம் நாடாவுக்குள்ளே போய்விட்டன. நாடாவுக்குள் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் எண் அட்டை கட்டுவது மையத்தின் முறை. நாற்காலிக்கு எண் கட்ட வந்தபோது அவர் அதில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க அவருக்கு நேரமாகும். ஊழியர்களுக்கு அவசரம். அட்டையை அவர் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்கள்.

"சார், உறை வந்து எறங்கிடுச்சு," என்றாள் சரோஜா. "எப்ப எறக்கலாம்?"

ரவிகுமார் அவளை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். பொறுமையில் அவரைக் குறை சொல்ல முடியாது. "எங்க ஆய்வுத் தலைப்பே அதுதாம்மா. 'ஏன் இல்லை? காலனியச் சுரங்கக் குடியிருப்புகளில் கழிப்பறையின்மை: ஆப்பிரிக்காவும் கோலாரும்.' ஒரு முழுத் தலைமுறைக்குத் தங்கம் தோண்ட இடம் இருந்தது, ஒதுங்க இடம் இல்லை. எவ்வளவு பெரிய கொடுமை! அந்தக் கொடுமைக்கு ஆதாரம் வேணும்."

"அதான் சார், கட்டிக்கினா கொடும தீர்ந்துடும்."

"தீர்ந்துடும். ஆதாரமும் தீர்ந்துடும். 'இல்லை'ங்கிறதைத் தோண்டி எடுக்கிறது தொல்லியல்லயே ரொம்பக் கஷ்டமான வேலைம்மா. நீங்க நடுவுல ஒண்ணைக் கட்டிட்டா நாங்க எதைத் தோண்டறது?"

"சரி சார்," என்றாள் சரோஜா. அன்றைக்கு ராத்திரியும் தம்மபாலன் தட்டைக் கையால் மூடினார்.

அடுத்து வந்தது ஒரு லாரி. லாரியிலிருந்து நீல நிறத்தில், கதவோடு, தண்ணீர்த் தொட்டியோடு, உள்ளே கண்ணாடியோடு ஒரு கக்கூஸ் இறங்கியது. லைனே வந்து பார்த்தது. காத்தவராயன் கதவைத் தட்டிப் பார்த்து "ஃபைபரு" என்றார். சரோஜா தம்மபாலனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கதவில் 'ஆய்வாளர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

வாணிக்கு முகம் சிவந்துவிட்டது. வெளியூர்ப் பெண், பாவம். "அம்மா, நான் விட்டுடுவேன். ஆனா ஐயா இங்க போனா எங்க டேட்டா கெட்டுடும். அவர் எந்த வழியா நடக்கிறார், எங்கெங்க உக்கார்றார்ங்கிறதுதான் மேப் போடறோம். அந்தக் காலத்துத் தொழிலாளியோட நடமாட்டத்துக்கு எங்க தளத்துல உயிரோட இருக்கிற ஒரே சான்று இவர்தான்."

அப்படியாக தம்மபாலன் சயனைட் மேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பின்னால் கொஞ்சம் தள்ளி வாணி நடந்தாள். அவர் உட்கார்ந்தால் அவளும் நின்று கருவியை அமுக்குவாள். முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சமும் போய்விட்டது. எதுவுமே இல்லாமல், கயிறு போன திசையில் போகிற மாடு மாதிரிப் போனார், வந்தார்.

ஒரு நாள் மட்டும் திரும்பிப் பார்த்து, "உனக்கு அப்பா கீறாரா கண்ணு?" என்று கேட்டார்.

"இருக்கார் ஐயா. மைசூர்ல."

"நல்லா கீறாரா?"

"நல்லா இருக்கார்."

தம்மபாலன் தலையாட்டிவிட்டு எழுந்து நடந்தார். வாணி அந்த இடத்தில் கருவியை அமுக்க மறந்துவிட்டாள். அதற்காக ஜீப்பில் வைத்து அவளுக்கு விழுந்த திட்டு முனைவீடு வரைக்கும் கேட்டது.

மாதங்கள் போயின. குழி அகலமானது, ஆழமாகவில்லை. மண்ணைப் பிரஷ்ஷால் தள்ளி, சல்லடையில் சலித்து, பிளாஸ்டிக் பையில் போட்டார்கள். பெரிசுகள் விளிம்பில் நின்று பார்த்து வெறுத்துப் போனார்கள். "இன்னா வேல இது? ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒரு டம்ளர் மண்ணு." வாசலில் கிடந்த உறைகளில் ஒன்றில் நாய் குட்டி போட்டது. தம்மபாலனின் வேட்டி இன்னும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றிக்கொண்டது.

கடைசியில் சர்வதேசக் கருத்தரங்கு அறிவித்தார்கள். இடம்: ஆய்வுத் தளத்திலேயே. லைனை அடைத்துச் சவுக்குக் கம்பு நட்டுப் பந்தல் போட்டார்கள். மேடைக்குப் பின்னால் பீங்கான் துண்டின் படம், கல்யாணப் பெண் போட்டோ அளவுக்கு. அன்றைக்கு சரோஜாவும் லீவு போட்டுவிட்டாள். முடிவு சொல்லப்போகிறார்கள் என்று வாணி காதில் போட்டிருந்தாள்.

கானா நாட்டிலிருந்து டாக்டர் அசாரே என்று ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நல்ல உயரம், நரைத்த தாடி. எல்லாரும் குழியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் வாசலுக்கு வந்து சிமெண்ட் உறையின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். தங்கச் சுரங்க ஊரில் பிறந்தவராம். அவர் அம்மாவின் சமையலறையும் ஒரு ஆய்வுத் தளம்தான் என்றார். வாணி மொழிபெயர்த்தாள்.

"அப்ப அம்மா எங்க சமைக்கிறாங்க?" என்று கேட்டாள் சரோஜா. அவளுக்கு அதுதான் முதலில் தோன்றியது.

அசாரே உறைக்குள் இருந்த நாய்க்குட்டிகளைப் பார்த்தார். "முதலில் வாசலில் சமைத்தார்கள். அப்புறம் பக்கத்து வீட்டில்."

"இப்ப ஆராய்ச்சி முடிஞ்சிடுச்சா?"

"அம்மா முடிந்துவிட்டார்கள். ஆராய்ச்சி நடக்கிறது."

அந்தப் பக்கம் வந்த ரவிகுமார், "அருமையான ஒப்பீடு! இதைப் பிற்பகல் அமர்வில் சொல்லுங்கள்," என்று அசாரேயின் தோளைத் தட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மேடையில் ரவிகுமார் பேசியதை லைனில் இப்போதும் நடித்துக் காட்டுகிறார்கள். துரை காட்டுவது இன்னும் நன்றாக இருக்கும்.

"காலனிய ஆட்சியாளர்கள் தொழிலாளியிடம் எதையுமே கேட்டதில்லை! அவனை அளந்தார்கள். அவனுக்கு எண் கொடுத்தார்கள். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்று கோடு போட்டார்கள். அவன் உடம்பைத் தங்கள் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். அந்த மனநிலையிலிருந்து நம் அறிவுலகம் முற்றிலும் விடுபட்டுவிட்டது என்பதற்கு இந்தத் தளமே சாட்சி. வாணி, அந்த நாற்பத்தொன்பதாம் எண்ணைக் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொல்லும்மா."

தம்மபாலன் எழுந்து நின்றார். கை கூப்பினார். பந்தல் கைதட்டியது.

"இந்தக் குடும்பத்தின் கோரிக்கையை நிர்வாகக் குழு பரிவோடு பரிசீலித்தது. கழிப்பறை கட்டிக்கொள்ள அனுமதி வழங்குகிறோம்!"

சரோஜா புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனால் காலத்துக்குப் பொருந்திய வடிவில். உறை, ஆழக் குழி, தண்ணீர்க் குழாய் இவையெல்லாம் அந்தக் காலத்துக்கு ஒவ்வாதவை. ஆகவே தகரக் கொட்டகை, மரப்பலகை, பலகைக்கு அடியில் வாளி. வாளியைத் தினமும் தலையில் எடுத்துப்போய்க் கொட்டுவதற்கு 'மரபுச் சுகாதாரச் செயல்விளக்கப் பணியாளர்' என்று ஒரு பணியிடமும் பெற்றிருக்கிறோம். வெளியாளைப் போடக் கூடாது என்று நானே குழுவில் வாதாடினேன். இந்த வீட்டு அம்மாவுக்கே கொடுக்கிறோம். துறையில் அனுபவம் உள்ளவர். இனிமேல் அவர் ரயிலேறிப் பெங்களூர் போகத் தேவையில்லை!"

மேடைப் பக்கம் மறுபடி கைதட்டல். லைன் பக்கம் கைகள் மடியிலேயே இருந்தன. தம்மபாலனின் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து இங்கே வந்ததே, ஊர் அவர் தலையில் ஏற்றியதையெல்லாம் அங்கேயே இறக்கிப் போட்டுவிட்டுத்தான். பாதாளத்துக்குள் இறங்கினாலும் பரவாயில்லை, அதைத் தொடமாட்டேன் என்று வந்தவர். வந்த இடத்தில் பௌத்தத்துக்கு மாறி, பிள்ளைகளுக்கு அந்த வழிப் பேர் வைத்தவர். அது அந்தப் பந்தலில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மேடைக்கு மட்டும் தெரியாது. அது மண்ணுக்கு மேலே இருக்கிற விஷயம் இல்லையா.

துரைதான் எழுந்தான். "சார், அந்த வேல செய்யச் சொல்றது சட்டப்படி குத்தம்."

"செய்தால் குற்றம்," என்றார் ரவிகுமார் சிரித்துக்கொண்டே. "செய்து காட்டினால் கல்வி. சாப்பாடு தயாராக இருக்கிறது, எல்லாரும் வரலாம்."

சரோஜா "சரி சார்" என்று சொல்லவில்லை. சொல்லாதது அவளுக்கே தெரிந்ததா என்பது சந்தேகம். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. ரயிலில் உட்கார இடம் கிடைக்காதபோது எப்படி இருப்பாளோ அப்படித்தான் இருந்தாள். பக்கத்தில் தம்மபாலன் சட்டைப் பையிலிருந்து எண் அட்டையை எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

அவள் கொல்லைக்குப் போனாள். மஞ்சள் நாடாவை அவிழ்த்து, மழை வருகிறபோது கொடியைச் சுருட்டுவது போலக் கையில் சுருட்டினாள்.

"காத்து அண்ணே, உறைய உருட்டு."

"இப்பவாம்மா? அவங்க..."

"அவங்க சாப்ட போயிட்டாங்க. நாய்க்குட்டிய மட்டும் மொதல்ல எடுத்து வை."

அகலக் குழியின் நடுவில் ஆழத்தை மட்டும் மளமளவென்று பறித்தார்கள். மண்வெட்டி ஒவ்வொரு கையாக மாறியது. உறையைக் கயிற்றில் தொங்கவிட்டு இறக்க முக்காலி வேண்டும். பெரிசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பந்தலிலிருந்து மூன்று சவுக்குக் கம்பைப் பிடுங்கி வந்து உச்சியைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார்கள். பந்தல் ஒரு பக்கம் சாய்ந்து பிரியாணி அண்டாவின் மேல் மெல்ல உட்கார்ந்தது. கயிற்றைப் பிடிக்க ஆள் பற்றவில்லை. தடுக்க வேண்டும் என்று ஓடிவந்த வாணியிடம், "கண்ணு, இதக் கொஞ்சம் புடி" என்று சரோஜா ஒரு முனையைக் கொடுத்தாள். வாணி பிடித்தாள். இன்னொரு முனையில் ஒரு நீளமான கறுத்த கை வந்து சேர்ந்தது. அசாரே கோட்டைக் கழற்றித் துவைகல்லின் மேல் போட்டிருந்தார்.

மணியடிக்க வேண்டுமே! ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கிய கேஜ் காலத்திலிருந்தே மணியடிக்காமல் இந்த ஊரில் யாரும் எதையும் இறக்கியதில்லை. யாரோ தம்மபாலனிடம் ஒரு எவர்சில்வர் தட்டையும் கரண்டியையும் கொடுத்தார்கள். அவர் விளிம்பில் உட்கார்ந்து அடித்தார். இரண்டு தட்டு: இறக்கு. ஒரு தட்டு: நிறுத்து. உறை இறங்கியது, நின்றது, இறங்கியது. அந்தத் தட்டுச் சத்தம் மட்டும் லைன் முழுக்கக் கேட்டது.

"சான்று போச்சு! சான்று போச்சு!" என்று ரவிகுமார் கையில் எலும்போடு ஓடிவந்தபோது கடைசி உறை போய் உட்கார்ந்துவிட்டது.

அதற்கப்புறம் நோட்டீஸ் வந்தது. இன்னும் வந்துகொண்டிருக்கிறது. சரோஜா அதை ரயிலில் போகும்போது கீழே விரித்து உட்கார்ந்துகொள்கிறாள் என்று பேச்சு. லைனில் இப்போது யார் குழி தோண்டினாலும் தார்ப்பாய் கட்டிக்கொண்டுதான் தோண்டுகிறார்கள். துரையின் போனை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வாணி வேலையை விட்டுவிட்டாளா, விடவைத்தார்களா என்பதில் இரண்டு கருத்து இருக்கிறது.

மையத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்ததை வைத்து 'எதிர்ப்பின் தொல்லியல்' என்று இரண்டாம் கட்ட ஆய்வு அனுமதியாகிவிட்டது. ஒரு காலை ரவிகுமார் புது ஆட்களோடு, புது நாடாவோடு கொல்லைக்கு வந்தார். புதிதாக வெள்ளையடித்த அந்தச் சின்ன அறையைச் சுற்றி வந்து அளந்தார். பிறகு உள்ளே பார்க்க வேண்டும் என்று கதவில் கை வைத்தார்.

சரோஜா துவைகல்லில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் தம்மபாலனுக்கு இரண்டாம் தடவை சோறு வெந்துகொண்டிருந்தது. அவள் தலையைத் தூக்கவில்லை.

"கதவத் தொடாதீங்க சார்," என்றாள். "உள்ள ஆளு கீறாரு."